ஒரு 14-க்கு ரெண்டு சொந்தக்காரன்: பழைய டிராயிங்கைக் காப்பி எடுக்க எந்த வழி தேவலை?

கடலில் தடைக்காலம் வந்தால் எங்களைப் போல மின்சார கன்ட்ரோல் பேனல் போடுகிறவர்களுக்கு அது வேலைக்காலம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஐஸ் வாங்க ஆள் கிடையாது. உப்புக்காற்றில் துருப்பிடித்துப் போன பேனலைக் கழற்றிப் புதுசு மாட்ட ஐஸ் பிளான்ட்காரர்களுக்குத் தோது அந்த இடைவெளிதான். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வேண்டும், எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே பேனல்தான் வேண்டும். அப்புறம் என்ன, போன வருசத்து டிராயிங்கைக் காப்பி எடுத்து ஓட்ட வேண்டியதுதான்.

அப்படித்தான் நானும் ஓட்டினேன். பழைய வேலையில் அம்மோனியா கம்ப்ரசர் ஒன்று, புது வேலையில் இரண்டு. நாலாவது ஷீட்டில் கம்ப்ரசரின் ஸ்டார் டெல்டா கன்ட்ரோல் (மோட்டாரைக் குறைந்த கரண்டில் ஸ்டார்ட் செய்யும் முறை) முழுக்க இருந்தது; அதை 'சேவ் ஆஸ்' போட்டு ஐந்தாவது ஷீட் ஆக்கினேன், தலைப்பில் கம்ப்ரசர் 2 என்று மாற்றினேன், மோட்டார், கான்டாக்டர் (மோட்டாருக்கு கரண்ட் விடும் சுவிட்ச்), ஓவர்லோட் ரிலே எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றினேன். டெர்மினலை, அதாவது வயரை மாட்டும் எண் போட்ட இணைப்பு முனையை, மட்டும் தொடவில்லை. பிரஷர் கட்அவுட்டுகளுக்கு (அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரசரை நிறுத்தும் சுவிட்சுகள்) வெளியே போகிற வயர்கள் எக்ஸ்2 என்கிற டெர்மினல் வரிசையில், அதாவது ஸ்ட்ரிப்பில், 11 முதல் 16 வரை: ஹெச்.பி.க்கு (உயர் அழுத்தம்) 11, 12, எல்.பி.க்கு (தாழ் அழுத்தம்) 13, 14, ஆயில் பிரஷருக்கு 15, 16. அதே எக்ஸ்2, அதே 11 முதல் 16 வரை ஐந்தாவது ஷீட்டிலும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

சைட்டில் டிரையல் பார்க்கும்போது வழக்கம்போல ஓடுகிற கம்ப்ரசரின் எல்.பி. கட்அவுட் வயரைக் கழற்றிப் பார்த்தோம். கான்டாக்டர் விழுந்து மோட்டார் நிற்க வேண்டும். விழவில்லை. மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினோம், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பேனலைத் திறந்தால் ஒரே 13-லும் ஒரே 14-லும் இரண்டிரண்டு வயர். இரண்டு கட்அவுட்டும் பேரலல் ஆகிவிட்டன. ஒன்று திறந்தாலும் மற்றது மூடியே இருப்பதால் சர்க்யூட் அறுபடாது, இரண்டு மிஷினுக்கும் பாதுகாப்பு இல்லை. வயரில் எண் காட்ட மாட்டும் சின்ன வளையம்தான் ஃபெரூல்; வயர்மேன் தம்பி சொன்னது: "ரெண்டு வயர்லயும் 14னு ஃபெரூல் கெடந்துது, ஸ்ட்ரிப்புல ஒரு 14தான் இருந்துது, மாட்டிட்டேன் அண்ணே." அவன் மேல் என்ன தப்பு இருக்கிறது? டிராயிங் சொன்னதைச் செய்திருக்கிறான்.

அன்றைக்குப் பிறகுதான் காப்பி எடுக்கும் வழிகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன். நான் வேலை செய்வது ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல் என்கிற மின் டிராயிங் மென்பொருளில், அதனால் பெரும்பாலும் அதைச் சுற்றியே எழுதுகிறேன். ஈபிளான் என்கிற இன்னொரு மென்பொருள் பற்றியும் கொஞ்சம் வரும்.

முதலில் சண்டை எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடலாம். டெர்மினலின் பெயரும் எண்ணும் எங்கேயோ ஒரு தனி டேட்டாபேஸில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. டி.டபிள்யூ.ஜி. என்கிற டிராயிங் ஃபைலுக்குள், அந்த டெர்மினல் பிளாக்கின் (படக்குறியின்) அட்ரிபியூட்டிலேயே, அதாவது அதோடு ஒட்டிய விவரக் கட்டத்திலேயே இருக்கிறது. ஸ்ட்ரிப் பெயர் டேக்ஸ்ட்ரிப் என்கிற அட்ரிபியூட்டில், எண் இன்னொன்றில், எந்த நிறுவல், எந்த இடம் என்று சொல்லும் இன்ஸ்டலேஷன், லொக்கேஷன் குறிகள் வேறு இரண்டில். பிராஜெக்ட் டேட்டாபேஸ் இதையெல்லாம் டிராயிங்கிலிருந்து பொறுக்கி எடுத்து அடுக்குவது, அவ்வளவுதான். ஆகவே ஃபைலைக் காப்பி எடுத்தால் டெர்மினலின் ஆதார் கார்டையும் சேர்த்துக் காப்பி எடுத்ததாகக் கணக்கு. ஒரே பிராஜெக்டில் இரண்டு பேர் ஒரே கார்டோடு வந்து நிற்பார்கள்.

இன்னொன்றும் உண்டு, இது கண்ணுக்குத் தெரியாது. அடுக்கு டெர்மினல்களையும், ஸ்கீமாட்டிக்கில் (சர்க்யூட் படத்தில்) இருக்கிற டெர்மினலை பேனல் லேஅவுட்டில் இருக்கிற டெர்மினலோடும் சேர்த்துக் கட்டுவதற்கு லிங்க்டெர்ம் என்று ஒரு அடையாளக் குறி உள்ளே வைக்கப்பட்டிருக்கும். காப்பியில் அதுவும் வந்துவிடும். நீங்கள் ஸ்ட்ரிப் பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பீர்கள், உள்ளே பழைய கயிறு அறுபடாமல் கிடக்கும். மாற்றிய பெயர் திரும்பத் திரும்பப் பழையபடி வருகிறது என்றோ, ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று மாறுகிறது என்றோ தலையைச் சொறிகிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். டெர்மினல் அசோசியேஷனைப் பிரித்துவிட 'பிரேக் அபார்ட்' என்று ஒரு கட்டளையே இருக்கிறது.

அதே சமயம் ஒரே எண் இரண்டு தடவை வந்தாலே தப்பு என்றும் இல்லை. வயர் நம்பரையே தன் எண்ணாக எடுத்துக்கொள்ளும் டெர்மினல் வகை ஒன்று உண்டு; அதில் ஒரே வயர் நம்பர் நாலு டெர்மினலில் வந்தால் நாலும் அதே எண்ணைத்தான் காட்டும், அது சரிதான். தனக்கென்று சொந்த எண் வைத்திருக்கும் வகையில் இரட்டை வந்தால்தான் பிரச்சினை. திருத்த உட்காரும் முன்னால் உங்கள் டிராயிங்கில் இருப்பது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நல்ல டெர்மினலையும் சேர்த்துக் கெடுத்துவிடுவீர்கள்.

சரி, வழிகள். 'சேவ் ஆஸ்' போட்டு அதே பிராஜெக்டில் சேர்ப்பது எல்லாருக்கும் தெரிந்த வழி, நான் வழுக்கி விழுந்த வழியும் அதுதான். வேகம் என்று பார்த்தால் இதை அடிக்க எதுவும் கிடையாது, அரை நிமிடம். ஆனால் டெர்மினல் மட்டும் அல்ல, லேடர் ரெஃபரன்ஸ் (ஏணி மாதிரி வரையும் சர்க்யூட்டின் வரி எண்), கான்டாக்டர் பெயர், வயர் நம்பர், ஷீட் விட்டு ஷீட் போகும் சோர்ஸ் அம்புக்குறி, பி.எல்.சி. (மிஷினை ஓட்டும் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) இருந்தால் அதன் முகவரி, அத்தனையும் இரட்டையாகும். நாம் கண்ணில் பட்டதை மட்டும் திருத்துவோம். மோட்டார் பெரிதாகத் தெரிகிறது, அதனால் திருத்தினேன். டெர்மினல் ஒரு சின்ன வட்டம், அதனால் விட்டேன். இந்த வழியில் போகத்தான் வேண்டும் என்றால், காப்பி எடுத்த ஃபைலில் முதல் வேலையாக ஸ்ட்ரிப் பெயரை மாற்றிவிட்டு அப்புறம் மற்றதைத் தொடுங்கள்.

ஒரு டிராயிங்கிலிருந்து கன்ட்ரோல் சி, இன்னொன்றில் கன்ட்ரோல் வி என்று ஒட்டுவது இதைவிட மோசம். முழு ஃபைல் காப்பியில் குறைந்தபட்சம் ஷீட் முழுதும் சந்தேகத்துக்குரியது என்று தெரியும்; இதில் நல்ல ஷீட்டுக்கு நடுவில் நாலு திருட்டு டெர்மினல் கலந்து உட்கார்ந்துவிடும். வெறும் கோடு, எழுத்து, நோட்ஸ் எடுக்கலாம். டெர்மினல் உள்ள எதையும் இப்படி எடுக்காதீர்கள்.

அதே பேனலுக்குள் இன்னொரு மோட்டார், இன்னொரு பம்ப் என்றால் 'காப்பி சர்க்யூட்'தான் சரியான கருவி. இது அந்த மென்பொருளுக்கே உரிய கட்டளை. எடுத்து வைக்கிற இடத்தின் லேடர் லைன் எண்ணைப் பார்த்து காம்போனென்ட்டுகளுக்குத் தானே புதுப் பெயர் வைக்கும். என் ஐந்தாவது ஷீட்டை வெற்று ஷீட்டாகத் தொடங்கி, லேடர் போட்டு, நாலாவது ஷீட்டின் சர்க்யூட்டை இப்படிக் கொண்டு வந்திருந்தால் கான்டாக்டர் பெயரை ஒவ்வொன்றாக நான் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை. இருந்தாலும் கண்ணை மூடி நம்பாதீர்கள். டெர்மினலை அது நீங்கள் நினைத்தபடி நடத்தியிருக்கிறதா என்று டெர்மினல் ஸ்ட்ரிப் எடிட்டரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த சர்க்யூட்டுக்குப் போக வேண்டும். ஸ்ட்ரிப் அதேதான், எண் மட்டும் தொடர வேண்டும் என்பதுதான் இங்கே தேவை: 11 முதல் 16 வரை ஒரு கம்ப்ரசர், 17 முதல் 22 வரை அடுத்தது.

வேறு வாடிக்கையாளர், வேறு பிளான்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம், 'காப்பி பிராஜெக்ட்'. பழைய பிராஜெக்ட் தனி, புதியது தனி, இரண்டிலும் எக்ஸ்2:14 இருந்தாலும் ஒன்றையொன்று பார்க்காது. ஃபைல் பெயர்களை மொத்தமாக மாற்றவும் அதிலேயே வசதி இருக்கிறது. இதற்குப் பதிலாகச் சிலர் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து ஃபோல்டர் பெயரை மட்டும் மாற்றுவார்கள். அங்கே ஒரு குழி இருக்கிறது. பிராஜெக்ட் ஃபைலில் டிராயிங்கின் முழுப் பாதையும் எழுதப்பட்டிருந்தால், புது ஃபோல்டரில் இருந்து திறந்தாலும் அது பழைய ஃபோல்டரின் டிராயிங்கைத்தான் திறக்கும். நீங்கள் புது வேலை என்று நினைத்துப் போன வருசத்து வேலையைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். எங்கள் ஆபீசில் இது நடந்து, ஒரு பழைய வேலையின் டிராயிங் மொத்தமும் போய்விட்டது. கடைசியில் லேமினேட் பண்ணி பேனல் கதவில் ஒட்டியிருந்த பிரிண்டைப் போட்டோ எடுத்து வந்து திரும்ப வரைந்தோம்.

இடைப்பட்ட ஒரு கேஸ்தான் ஜனங்களைக் குழப்புவது: ஒரே வேலை, ஒரே பிராஜெக்ட், ஆனால் ஒரே மாதிரி இரண்டு பேனல். இரண்டு பம்ப் ஹவுஸுக்கு ஒரே பேனல் என்று தண்ணீர் வேலைகளில் அடிக்கடி வரும், குலசேகரம் பக்கம் ரப்பர் ஃபாக்டரியில் ஒரே மாதிரி நாலு மில் லைன் என்று வரும். இங்கே எண்ணை மாற்றுவது முட்டாள்தனம். இரண்டாவது பேனலில் டெர்மினல் 101-இல் தொடங்கினால் வயர்மேனுக்கும் குழப்பம், பின்னால் சர்வீஸுக்கு வருகிறவனுக்கும் குழப்பம். ஒரே மாதிரி பேனல் என்றால் உள்ளேயும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மாற்ற வேண்டியது லொக்கேஷன் குறி. ஸ்ட்ரிப் எடிட்டர் ஸ்ட்ரிப்புகளைப் பட்டியல் போடும்போதே இன்ஸ்டலேஷன், லொக்கேஷன், ஸ்ட்ரிப் பெயர் என்று மூன்றையும் காட்டித்தான் போடுகிறது. பி1-இன் எக்ஸ்2, பி2-இன் எக்ஸ்2, இரண்டும் தனித்தனி வரி. ஆனால் லொக்கேஷனை மாற்றினால் அந்த ஷீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் மாற்ற வேண்டும். டெர்மினலுக்கு மட்டும் பி2 போட்டுவிட்டு கான்டாக்டரை பி1-இலேயே விட்டால், பொருள் பட்டியல் எடுக்கும்போது ஒரு பேனலுக்கு டெர்மினலே இல்லாத கான்டாக்டரும் இன்னொன்றுக்கு கான்டாக்டரே இல்லாத டெர்மினலும் வரும்.

ஈபிளான்காரர்களுக்கு இந்தச் சிந்தனை முதல் நாளிலேயே பழகிவிடும். அங்கே ஐ.இ.சி. 81346 என்கிற சர்வதேசப் பெயரிடும் முறைப்படி சமக்குறி போட்டு செயல்பாடு, கூட்டல் குறி போட்டு இடம், கழித்தல் குறி போட்டு பொருள் என்று டெர்மினலின் முழுப் பெயரே நீளமாகத்தான் இருக்கும். பேஜைக் காப்பி எடுத்து ஒட்டும்போது அந்தச் சமக்குறி, கூட்டல் குறி பாகத்தை மாற்றிக்கொடுத்தால் முழுப் பெயர் மாறிவிடும், சண்டை பிறக்கவே பிறக்காது. மாற்றாமல் ஒட்டினால் அங்கேயும் இதே கதைதான், ஒரே பெயரில் இரண்டு 'மெயின் டெர்மினல்' வந்து செக் ரன்னில் வரிசையாகப் பிழை காட்டும். ஒரே டெர்மினலை இரண்டு பேஜில் காட்டுவது அங்கே தப்பில்லை, இரண்டும் நான்தான் மெயின் என்று சொல்வதுதான் தப்பு. அதனால் பிழையைப் பார்த்ததும் எண்ணை மாற்ற ஓடாதீர்கள். நிஜமாகவே இரண்டு டெர்மினலா, அல்லது ஒரே டெர்மினலின் இரண்டு படமா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் ஒன்றில் 'மெயின் டெர்மினல்' என்கிற டிக்கை எடுத்துவிட்டால் முடிந்தது. இவ்வளவு சொன்னாலும், வருடத்துக்கு இருபது சின்னப் பேனல் போடுகிற எங்களைப் போன்ற கடைக்கு இந்த ஒரு காரணத்துக்காக ஈபிளானுக்கு மாறுவது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆட்டோகேட் சந்தாவிலேயே 2019 பதிப்பிலிருந்து எலக்ட்ரிக்கல் தொகுப்பும் சேர்ந்து வருகிறது. வெறும் ஆட்டோகேடில் வரைந்துகொண்டிருக்கிற எத்தனையோ பேர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. வெறும் ஆட்டோகேடில் இந்தச் சண்டை வராதே என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். வராது, உண்மைதான். அங்கே டெர்மினல் என்பது ஒரு வட்டமும் ஒரு எழுத்தும், எச்சரிக்க யாரும் இல்லை. சண்டை நேராக சைட்டில் வரும்.

கடைசி வழி, டெர்மினல் எண் காலியாக வைத்த சர்க்யூட்டுகளை ஒரு லைப்ரரியாகச் சேர்த்து வைப்பது. ஸ்டார் டெல்டா ஒன்று, டி.ஓ.எல். (மோட்டாரை நேரடியாக லைனில் ஸ்டார்ட் செய்வது) ஒன்று, கட்அவுட் சங்கிலி ஒன்று என்று. பழைய வேலையிலிருந்து எதையும் எடுப்பதில்லை, எப்போதும் சுத்தமான மூலத்திலிருந்து மட்டும். ஸ்ட்ரிப் பெயரின் இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துவிடுங்கள், மறந்தால் ரிப்போர்ட்டில் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். தொடக்கத்தில் இரண்டு மூன்று நாள் செலவாகும், அதைத் தடைக்காலத்தில் செய்ய முடியாது. நான் ஐப்பசி மழையில் சைட் வேலை நின்றபோது செய்தேன். ஒரே மாதிரி வேலை திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான், மற்றது எல்லாம் அப்புறம். வருடத்துக்கு ஒரு தடவை வருகிற விசித்திரமான வேலைக்கு லைப்ரரி கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏற்கெனவே காப்பி எடுத்து ஏற்கெனவே கெடுத்தாயிற்று, நாளைக்குப் பேனல் போக வேண்டும் என்கிறவர்களுக்கு: வரிசை முக்கியம். முதலில் மொத்த ஃபோல்டரையும் ஜிப் பண்ணி வேறு இடத்தில் வையுங்கள், ஏனென்றால் பிராஜெக்ட் முழுக்க ஓடுகிற கட்டளைகளை கன்ட்ரோல் இசட் காப்பாற்றாது. அப்புறம் லேடர் ரெஃபரன்ஸ். அதன் பிறகு காம்போனென்ட் ரீடேக் (பொருள்களுக்குப் பெயரைப் புதிதாக வைப்பது), அதன் பிறகு வயர் நம்பர், டெர்மினல் கடைசியில். ஏன் என்றால் வயர் நம்பரை எடுத்துக்கொள்ளும் வகை டெர்மினல்கள் வயர் நம்பர் மாறினால் தானே மாறிவிடும். முதலிலேயே டெர்மினலில் கைவைத்தால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டும். ரீடேக் ஓட்டியும் சில எண் அசையாமல் நிற்கிறது என்றால் அது 'ஃபிக்ஸ்டு' ஆகியிருக்கும், போன வேலையில் நீங்களே கையால் எழுதி வைத்தது. அதை முதலில் விடுவிக்க வேண்டும்.

டெர்மினலைத் திருத்துவதில் ஐந்தாறுதான் என்றால் ஒவ்வொன்றாகக் கிளிக் பண்ணி மாற்றிவிடலாம், யோசிப்பதற்குள் முடிந்துவிடும். ஐம்பது அறுபது என்றால் ஸ்ட்ரிப் எடிட்டரில் ரீநம்பர். அதற்கு மேல் போனால் நான் எக்ஸலுக்குப் போய்விடுவேன்: டெர்மினல் விவரத்தை ஸ்ப்ரெட்ஷீட்டாக வெளியே எடுத்து, புது ஷீட்டின் ஃபைல் பெயரை மட்டும் வடிகட்டி, அந்த வரிகளில் ஸ்ட்ரிப் பெயரை மாற்றி, திரும்ப உள்ளே ஏற்றுவது. இதில் ஹேண்டில் (டிராயிங்கில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள அடையாள எண்) நெடுவரிசையையும் ஃபைல் பெயர் நெடுவரிசையையும் தொடாதீர்கள். காப்பி எடுத்த ஃபைலில் ஹேண்டில்கூட மூலத்தில் இருந்த அதேதான் இருக்கும், இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஃபைல் பெயர் மட்டும்தான். ஏற்றி முடித்ததும் பிராஜெக்ட் டேட்டாபேஸை ஒரு தடவை ரீபில்ட் பண்ணிவிட்டு, பிழை தேடும் எலக்ட்ரிக்கல் ஆடிட் ஓட்டுங்கள். ரீபில்ட் பண்ணாமல் ஆடிட் ஓட்டிவிட்டு, திருத்தியது ஏறவே இல்லை என்று புலம்பி நான் ஒரு ராத்திரி முழுக்க முழித்திருக்கிறேன்.

அந்த ஐஸ் பிளான்ட்டில் என்ன செய்தோம் என்றால், டெர்மினல்கள் மாட்டும் டின் ரெயிலில் (உலோகத் தண்டவாளம்) கடைசியில் நாலு விரல்கடை இடம்தான் மிச்சம் இருந்தது. நாகர்கோவிலுக்கு ஆள் அனுப்பி ஆறு டெர்மினலும் ஒரு எண்ட் கிளாம்பும் வாங்கி வரச் சொல்லி, 17 முதல் 22 வரை மாட்டினோம். புது ஃபெரூல் அடிக்க மிஷின் சைட்டில் இல்லை, ஆகவே இரண்டாவது கம்ப்ரசரின் ஆறு வயரிலும் பழைய ஃபெரூலை உருவிவிட்டு மார்க்கரால் எழுதினோம். எல்.பி. வயரைக் கழற்றினோம், கான்டாக்டர் டப்பென்று விழுந்தது. அடுத்த தடவை போகும்போது ஃபெரூல் அடித்துக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்ததுதான், இரண்டு தடைக்காலம் போய்விட்டது, இன்னும் மார்க்கர் எழுத்துதான் இருக்கிறது.